ஒன்றேகால் மணித்தியாலப் பயணம்

டுசல்டோர்ஃபிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தட்டினால், ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பறக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் என்று பதில் வருகிறது. அந்தக் கணக்கைப் போட்ட புண்ணியவான் என் அம்மாவுடன் ஒருநாளும் பயணம் போயிருக்க மாட்டார்.

லண்டனில் இருக்கும் என் தங்கைக்கு மறுநாள் காலை இதயத்தில் சத்திரசிகிச்சை. உள்ளே கொண்டுபோகுமுன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும், அது ஒன்றைத்தான் அவள் கேட்டிருந்தாள். நானும் பின்னேர விமானத்தில் இரண்டு இருக்கை எடுத்தேன். வுப்பர்டாலில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணிக்குப் புறப்பட்டால் போதும். ஆனால் அன்று வியாழக்கிழமை. இரண்டு மணி என்றால் ராகு காலம். விமானக்காரர்களுக்கு ராகுவைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

அம்மாவிடம் இதற்கெல்லாம் வழி உண்டு. கொண்டுபோகும் பை ஒன்றை நல்ல நேரத்தில் அயல்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்திலும் போகலாம், ராகு ஏமாந்துவிடுவார். காலையிலேயே தன் கைப்பையைக் கீழ்வீட்டு ஜெர்மன் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்தார். உடுப்புப் பையைக் கொடுத்திருக்கலாமே என்றேன். முக்கியமான சாமான் போனால்தான் பயணம் நிச்சயமாம். அதனால் எங்கள் இருவருடைய கடவுச்சீட்டுகளையும் அந்தக் கைப்பைக்குள் வைத்திருந்தார். பக்தியில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இரண்டு மணிக்குக் கீழ்வீட்டு மணியை அடித்தோம். திறப்பாரில்லை. பல் வைத்தியரிடம் டெர்மின் என்று போய்விட்டாராம், எதிர்வீட்டுக்காரர் சொன்னார். இந்த ஊரில் டெர்மின் என்று ஒரு நேரம் குறித்துவிட்டால் வானம் இடிந்து விழுந்தாலும் போவார்கள். போகும்போது தொலைபேசியை ஒழுங்காக அணைத்தும் வைப்பார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்தோம். ராகு காலம் முடிந்தது. விமானத்தைப் பிடிக்கும் நேரமும் முடிந்தது. இடம் இருந்த அடுத்த விமானம் மறுநாள் மத்தியானம். அதற்குள் தங்கையை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை வருடமும் இந்த நல்ல நேரங்கள் எங்களுக்கு என்ன நல்லதைக் கொண்டுவந்து கொட்டின என்று அம்மாவைக் கேட்க வாயெடுத்தேன்.

அப்போது தங்கை அழைத்தாள். அம்மா என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்துக் காதில் வைத்தார். வெறும் படிக்கட்டு, தங்கையின் குரல் எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“அம்மா, வெளிக்கிட்டிட்டீங்களோ?”

அம்மா பூட்டிய கதவைப் பார்த்தார்.

“ஓம் பிள்ளை. காலமையே வெளிக்கிட்டிட்டன்.”

“அப்ப எனக்குப் பயமில்லை,” என்று சொல்லிவிட்டு அவள் வைத்துவிட்டாள். அம்மா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.