நூற்று இருபத்தெட்டில் ஓர் அல்லேலூயா

டைல்ஸ்காரருடைய தகப்பனாரின் அடக்க ஆராதனையில் நாற்பது விநாடி டும் டும் என்று அடிக்கவிட்டவன் இந்த மச்சினன்தான். நாலு வருஷமாகியும் அவருக்கு அது ஆறவில்லை. பெட்டியை மூடும் நேரம். மெதுவான பாட்டு வரவேண்டிய இடத்தில், அதே பேரில் தான் செய்து வைத்திருந்த ஆட்டப் பாட்டை லேப்டாப்பில் தட்டிவிட்டான். பின்வரிசையில் நாலு பேர் பழக்கதோஷத்தில் கைதட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். “ரெண்டுக்கும் ஒரே பேரு அத்தான்” என்று அழுதான். இவர் அசையவில்லை. அன்றிலிருந்து அவனிடம் பேசுவதெல்லாம் மனைவி வழியாகத்தான்.

அவனுக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுதுபார்ப்பது. கதவு மூடும் ‘டப்’பையும் மோட்டாரின் முனகலையும் போனில் பிடித்துக்கொள்வான். அவற்றை வெட்டி ஒட்டித் தாளமாக்கி, மேலே துதி வரிகளை ஏற்றுவான். எதைப் பார்த்தாலும் நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுகிற வியாதி உண்டு. “சும்மா நடந்தா நூறு. சந்தோஷமா நடந்தா நூத்தி இருபத்தெட்டு. ஆண்டவரப் பாக்கப் போறப்ப மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டா போவாங்க?” என்பான். பாட்டைத் தொடங்குமுன் லேப்டாப்பின் மேல் கை வைத்து ஜெபிப்பான். “அது ஹேங் ஆகாம இருக்கவாடா ஜெபம்?” என்று அக்காக்காரி கேட்டால், “அதுவுந்தாங்க்கா” என்பான்.

டயர் கடைக்கு மேல் ஹாலில் ஞாயிறு காலை சபை கூடும்; பாட்டு அவன் பொறுப்பு. தொண்ணூறு பேர் குதித்தால் கீழே கடையின் தகரப் பலகை நடுங்கும். டைல்ஸ்காரர் மனைவியை வாசலில் இறக்கிவிட்டு, டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து பேப்பர் பார்ப்பார். பாட்டு அத்தனையும் அவருக்கு மனப்பாடம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

போன சனிக்கிழமை அவர் ஒரு குளியலறையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது மச்சினன் வந்து நின்றான்.

“உங்கக்கா வீட்லதான் இருக்கா.”

“உங்களத்தான் பாக்க வந்தேன் அத்தான்.”

அவர் கட்டரை நிறுத்தவில்லை. அவனும் போகவில்லை. கடைசியில் கல்தான் இரண்டானது.

அவனுக்கு வலது காதில் கீச்சு ஒலிகள் விழுவதில்லையாம். கேட்கவில்லையே என்று பாட்டில் அவற்றை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறான். போன வாரம் மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியேறிவிட்டார்கள். நாளைக்கும் அப்படி ஆனால் லேப்டாப்பை வீட்டிலேயே வைத்துவிடச் சொல்லிவிட்டார் பாஸ்டர்.

“நல்ல காதுள்ளவன் நூறு பேர் இருக்கான். அவனுங்ககிட்டப் போ.”

“எல்லாரும் ‘அருமை பிரதர்’னுதான் சொல்றாங்க. நீங்க டைல்ஸத் தட்டியே உள்ள பொக்குனு சொல்லிடுவீங்க. அதோட, என்மேல கோவமா இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். பொய் சொல்ல மாட்டீங்க.”

டைல்ஸ்காரர் கையிலிருந்த சிமெண்டைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“நான் ஆட மாட்டேன்.”

“ஆட வேண்டாம். மேல வந்து கதவோரமா நில்லுங்க, அது போதும். எல்லாரும் கையத் தூக்கிட்டு நிப்பாங்க, நீங்களும் தூக்கினா எனக்குத் தெரியாது. அதனால கையக் கட்டிக்கிட்டு நில்லுங்க அத்தான். காதக் குத்துற நிமிஷம் அவுத்துடுங்க, நான் கொறச்சுக்கிறேன்.”

சொன்னதோடு விடாமல், ஈரத் தரையில் நின்றபடி அவனே கையைக் கட்டி, பிறகு மெதுவாக அவிழ்த்துக் காட்டினான்.