அஸ்தினாபுரம் ஆகாத வண்டி

என் வண்டிக்கு அஸ்தினாபுரம் ஆகாது என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள். ஆயுத பூஜைக்கு மறுநாளிலிருந்து இதே கதை. தாம்பரத்தில் உதைத்தால் நல்ல பிள்ளையாகக் கிளம்பும். அஸ்தினாபுரம் வந்ததும் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

வேறு சமயமென்றால் பொறுத்துக்கொள்வேன். வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு, கோவிலம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் என் மனைவிக்கு நேர்காணல். பன்னிரண்டு வருடம் வீட்டோடு இருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு.

"ஆட்டோல போயிடறேங்க."

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்று மார்தட்டிவிட்டேன். வாய்தான் எனக்கு எமன்.

மெக்கானிக் பாயிடம் போனேன். பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், மூடினார், தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"இன்ஜின் கல்லு மாறி கீது சார். நீங்கதான் சும்மா பேஜார் பண்ணிக்கினு கீறீங்க."

பிளக்கை மாற்றினேன். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவவைத்தேன். மறுநாளும் அதே இடம், அதே இருமல். அங்கிருந்த டீக்கடைக்காரர் என் தலையைக் கண்டதுமே கிளாஸை எடுத்து வைத்தார்.

வியாழன் மாலை நேரே பெட்ரோல் பங்குக்குப் போனேன். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டேன். அதுவும் போதாதென்று, மிச்சமிருந்த பூஜைச் சந்தனத்தைக் குழைத்து, டேங்க் மூடியில் ஏற்கெனவே இருந்த பொட்டின் மேலேயே இன்னொன்று அப்பினேன். பெரிதாக. மேலே குங்குமம் வேறு.

வெள்ளிக்கிழமை வண்டி அஸ்தினாபுரம்கூடப் போகவில்லை. சிட்லபாக்கத்திலேயே நின்றது. மணி எட்டு இருபத்தைந்து. உதைத்தேன், கெஞ்சினேன், வண்டியின் பரம்பரையையே திட்டினேன்.

"பெட்ரோல் இருக்கா?" என்றாள் மனைவி.

"நேத்துதாம்மா ஃபுல் பண்ணேன்!"

அவள் நம்பவில்லை. சாவியைப் பிடுங்கி மூடியைத் திறந்தாள். 'உஸ்ஸ்' என்று டேங்க் மூச்சை இழுத்தது. உதைத்தேன். ஓடியது.

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் குத்தினாள். காய்ந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஏங்க, மூக்க அடைச்சுட்டு ஓடு ஓடுன்னா எப்படிங்க ஓடும்?"

அந்த மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைபட்டால் பெட்ரோல் இன்ஜினுக்கு இறங்காது. அடைத்தவன் நான்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வேலை கிடைத்தது. தினமும் ஆட்டோவில் போகிறாள்.