தோற்றவர் உட்காரும் நாற்காலி

"மேடம், உங்களுக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்கா?"

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் மல்லேஸ்வரத்தில், ஒரு மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இதற்கான பதில் எப்போதோ தெரிந்திருக்கும். அவர் படிக்கிறவர் இல்லை போலிருக்கிறது.

என்னைக் கேட்டதில் கோபம் இல்லை. ஆபீஸிலும் அபார்ட்மென்ட் மீட்டிங்கிலும் கேட்டுக் கேட்டுப் பழகிய கேள்விதான். அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணைப் பார்த்து அவர் சொன்னாரே... அதற்குத்தான் கொதிக்கிறது. ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று நாலு நாள் போட்டு வைத்தேன். ஆறவில்லை. சூட்டோடு எழுதுகிறேன்.

நானும் நண்பர் ரகுவும் வருடத்துக்கு ஒரு தடவை ஊர்ப் பிள்ளைகளுக்காக டேபிள் டென்னிஸ் போட்டி நடத்துகிறோம். முகூர்த்தம் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக் கல்யாண மண்டபம் பிடிப்போம். வாசலில் முந்தின கல்யாணத்து வாழைமரம் வாடிப்போய் நிற்கும். உள்ளே டேபிள்களைப் போட்டு, முதல் வேலையாக ஃபேனை எல்லாம் நிறுத்துவோம். காற்றில் அந்தப் பந்து இஷ்டத்துக்குத் திரும்பும் என்பதால். உடனே பெற்றோர் வரிசையாக வந்து கேட்பார்கள்: "மேடம், ஒரே ஒரு ஃபேன் மட்டும் போடக்கூடாதா?" கூடாது சார். பிள்ளைகளுக்கு ஆடி ஆடி வியர்க்கிறது. உங்களுக்கு உட்கார்ந்துகொண்டு வியர்ப்பதில் என்ன குறைச்சல்?

எல்லா மேட்ச்சுக்கும் அம்பயருக்கு எங்கே போவது? அதற்கு எங்களைப் போன்ற சின்னப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு டேபிளில் தோற்றவர்தான் அதே டேபிளில் நடக்கும் அடுத்த மேட்ச்சுக்கு அம்பயர். பெரியவர், சின்னவர், போன வருட சாம்பியன்... யாருக்கும் விலக்கு கிடையாது. தோற்றாயா? முகத்தைத் துடை, நாற்காலியில் உட்கார், ஸ்கோர் போர்டைத் திருப்பு.

இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தோற்ற கையோடு மூலையில் போய் அழ இங்கே வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே "லவ் ஆல்" என்று ஆரம்பிக்கிற பிள்ளை, ரெண்டாவது கேமில் அழுகையை மறந்துவிட்டு அடுத்தவர் ஆட்டத்தில் மூழ்கியிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த நாற்காலியில் இருக்கும்வரை அவள் தோற்றவள் இல்லை. அவள் சொன்னால் அதுதான். அப்பீல் கிடையாது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

பதினைந்து வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு. முதல் அரையிறுதியில் நிவேதா என்கிற பெண் தோற்றாள். வழக்கப்படி ரெண்டாவது அரையிறுதிக்கு அவள் அம்பயர். அதில் ஆடியவர்கள் சஞ்சனாவும் மேகனாவும். சஞ்சனாவும் நிவேதாவும் தோழிகள். ஊரின் இன்னொரு பக்கம், அடுகோடியில் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே கோச், ஒரே கார் — சஞ்சனாவுடைய அப்பாவின் கார். நிவேதாவின் அம்மாவுக்கு ஞாயிறும் டியூட்டி என்பதால், அன்று காலையிலும் அவர்தான் ரெண்டு பேரையும் அழைத்து வந்தார்.

நல்ல மனுஷன்தான் என்று நானும் நினைத்தேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஐ.டி.யில் இருக்கிறவர். ட்ரைபாடில் போனை மாட்டி மகளின் ஒவ்வொரு பாயின்ட்டையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

கடைசி கேம். பதினொன்று எடுத்தால் ஜெயம். மேகனா 10, சஞ்சனா 9. மேகனா அடித்த பந்து டேபிளைத் தாண்டிப் போகிற மாதிரி இருந்தது... கடைசி நொடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். பந்து திசை மாறிக் கீழே விழுந்தது.

டேபிளின் மேல் விளிம்பில் பட்டால் பாயின்ட். பக்கவாட்டில் பட்டால் அவுட். ரெண்டுக்கும் நடுவில் நூலளவு வித்தியாசம். நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணும் காதும்தான் துணை.

நிவேதா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "எட்ஜ். பாயின்ட் மேகனா" என்றாள். அவளுடைய தோழி தோற்றுப்போனாள்.

மேகனா ஒரு கையை லேசாகத் தூக்கினாள். அதிர்ஷ்டத்தில் பாயின்ட் கிடைத்தால் அப்படிக் கை தூக்கி ஸாரி சொல்வது இந்த ஆட்டத்தின் மரியாதை. சஞ்சனா தலையாட்டிவிட்டு வந்து அவளுக்குக் கை கொடுத்தாள். அடுத்து அம்பயருக்குக் கை கொடுக்கத் திரும்பினாள். அதோடு முடிந்திருக்க வேண்டும்.

அப்பா குறுக்கே வந்துவிட்டார். டேபிளைச் சுற்றி வைத்திருக்கும் முழங்கால் உயரத் தடுப்பை ஒரே தாண்டு!

"அது சைடு! நான் பார்த்தேன், சைடுதான்!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, முதல் வரியில் நான் எழுதிய கேள்வியைக் கேட்டார். "தோத்துப் போன பொண்ணையே அம்பயரா உக்கார வைக்கிறீங்களே? தான் ஃபைனல் போகல, இவளும் போகக் கூடாதுன்னு கடுப்புல சொல்றா மேடம்!"

நிவேதா ஸ்கோர் போர்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இல்ல அங்கிள், மேலதான் பட்டுது" என்றாள்.

அவர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "காலைல எங்க கார்லதானே வந்த? கொஞ்சமாச்சும் நெனச்சுப் பாத்தியா?"

வாசகர்களே, இந்த வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். கார் சவாரிக்குக் கைம்மாறாக ஒரு பாயின்ட்! அது எட்ஜா, சைடா என்பதைப் பற்றிய கவலையே அதில் இல்லை, கவனித்தீர்களா? காலையில் டிக்கியில் பையை வாங்கி வைத்தபோதே அம்பயரையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நினைத்திருக்கிறார் மனுஷன்.

எனக்குக் காது மடலெல்லாம் சுட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ரகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். ரகு மைசூர்க்காரர், நல்ல நண்பர், சண்டை என்றால் ஆகாது.

"அக்கா, சும்னே யாக்கெ கலாட்டா, எதுக்கு வீணா? ஒரு லெட் குடுத்துடலாம். அந்த ஒரு பாயின்ட்ட திரும்ப ஆடட்டும். எல்லாரும் குஷி."

எல்லாரும் குஷியா? இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட்' பண்ணிப் பண்ணியே நாம் இப்படி ஆகியிருக்கிறோம். பார்க்கிங்கில் அட்ஜஸ்ட், க்யூவில் அட்ஜஸ்ட். இப்போது உண்மை பேசிய பிள்ளையையும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்ல வேண்டுமா? அந்தப் பாயின்ட்டைத் திரும்ப ஆட வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் — நிவேதா சொன்னது பொய். மண்டபம் முழுக்க அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொள்வாள். அடுத்த தடவை தோழிக்கு எதிராக ஒரு பாயின்ட் சொல்ல நேர்ந்தால் முதலில் யாருடைய காரில் வந்தோம் என்று யோசிப்பாள். வளர்ந்த பிறகு நம்மில் பாதிப் பேர் செய்கிற காரியம் அது.

"லெட் கிடையாது ரகு," என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

சஞ்சனாவின் அப்பா போனோடு வந்தார். "வீடியோ இருக்கு. ஸ்லோ மோஷன்ல பாருங்க. இன்டர்நேஷனல் மேட்ச்லயே ரிவியூ இருக்குல்ல?"

இருக்கிறது சார். வெளிநாட்டுப் போட்டிகளை ஒன்று விடாமல் போனில் பார்க்கிறவள் நான். ஆபீஸ் மீட்டிங்கில் மேஜைக்கு அடியில் பார்த்து மாட்டிக்கொண்டவளும்கூட. அங்கே கேமரா வந்துவிட்டதுதான். ஆனால் எந்தக் கேமராவையும் பார்ப்பதற்கு முன்னால் "என் பக்கம் எட்ஜில் பட்டது" என்று தானே ஒப்புக்கொண்டு பாயின்ட்டை விட்டுத்தருகிற ஆட்டக்காரர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். நமக்கு ஏன் கேமரா மட்டும் கண்ணில் படுகிறது?

அவர் வீடியோவில் என்ன இருந்தது என்கிறீர்களா? மேகனாவின் முதுகு இருந்தது. பந்தே இல்லை.

"சார், அம்பயர் சொன்னா அதுதான். இங்க அப்பீல் கிடையாது. தடுப்புக்கு வெளிய போங்க" என்றேன்.

போகவில்லை. "சஞ்சனா! பேட்டை எடு, கெளம்பு. இனிமே இந்த மாதிரி டோர்னமென்ட்டே வேணாம்." பிறகு நிவேதாவிடம், "உன் பைய டிக்கியில இருந்து எடுத்துக்கோ. உங்கம்மாவ வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

அத்தனை அப்பா அம்மாக்களும் வாழ்க்கையில் முதல் தடவையாகப் போனைப் பார்ப்பது மாதிரி போனைப் பார்த்தார்கள். ஒருவராவது "விடுங்க சார், சின்னப் பொண்ணு" என்று சொல்ல வேண்டுமே? அவர்மேல் வந்ததைவிட இவர்கள்மேல்தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நிவேதா அழவில்லை. நாற்காலியை விட்டு எழவும் இல்லை. "நான் கொண்டுபோய் விடறேன்மா" என்று அவளிடம் சொல்லப் போனேன். அதற்குள் சஞ்சனா எனக்கு முன்னால் வந்து நின்றாள். பேட் பையைக் கீழே வைத்தாள். நிவேதாவிடம் கையை நீட்டினாள். மேட்ச் முடிந்ததும் அம்பயருக்குக் கொடுக்கப் போய், அப்பாவால் பாதியில் நின்றுபோன அதே கை. நிவேதா பிடித்துக்கொண்டாள்.

"எழுந்திரு. அடுத்தது நான் உக்காரணும்" என்றாள் சஞ்சனா. "தோத்தது நான்தானே?"

நிவேதா எழுந்தாள்.

"வீட்டுக்குப் போயிடாத. சேர்ந்துதான் போறோம்" என்றாள் சஞ்சனா.

அதே டேபிளில் அடுத்து பையன்களின் அரையிறுதி. ரெண்டு பையன்களும் பேட்டோடு விழித்துக்கொண்டு நின்றார்கள். சஞ்சனா நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்கோர் போர்டை ரெண்டு பக்கமும் பூஜ்யத்துக்குத் திருப்பினாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது.

"சஞ்சனா, கூப்பிடறேன்ல?" அப்பா இன்னும் தடுப்புக்கு உள்ளேதான் நின்றார்.

அவள் அவரைப் பார்த்தாள். மகளின் குரலில் பேசவில்லை.

"அப்பா, மேட்ச் ஆரம்பிக்கப் போகுது. வெளிய போய் நில்லுங்க."

அவர் நியாயம் கேட்பதுபோல என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? ரெண்டு கையையும் விரித்தேன்.

அம்பயர் சொல்லியாச்சு சார். அப்பீல் கிடையாது!