பத்தடி இடைவெளியில் ஓர் ஊர்வலம்

மனு ஒன்று வந்தால் பதில் போக வேண்டும்; முடியாது என்றாலும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். இது விதி. திருச்சியில் ஊர்வல அனுமதி மனுக்கள் வந்து சேரும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால், இந்த விதி எப்படியெல்லாம் மீறப்படும் என்பதையும் முறைப்படி அறிவேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்றும் இருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் அப்படி ஒரு மீறலில் பிறந்தது. காவிரிப் பாலத்தில் தலையில் பால்குடத்துடன் ஏழு பேர் வருகிறார்கள். ஏழு பேரும் திருநங்கைகள். அந்தச் சொல் அப்போது புழக்கத்தில் இல்லை. இருந்த சொற்களை இங்கே எழுத விருப்பமில்லை.

முன்னால் வருபவரைக் கோப்பில் விண்ணப்பதாரர் என்று குறித்தோம். எனக்கும் அவர் கடைசிவரை விண்ணப்பதாரர்தான். உறையூரில் ஏழு பேரும் சேர்ந்து வாழ்ந்த வீட்டுக்கே பெரியவர். 1978 ஆடிக்கு முன்பு மனுவோடு வந்தார். அம்மா மண்டபத்தில் குளித்து, பாலம் வழியாக உறையூர் அம்மன் கோவிலுக்கு மேளத்தோடு பால்குடம் எடுக்க அனுமதி வேண்டும். "சார், உங்க விருந்தாளி வந்திருக்கு" என்று பியூன் அறிவித்ததும் பிரிவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பு செல்லாது.

"ஊரே எடுக்குது சார். போன வருஷம் நாங்க எடுத்தப்ப பாலத்துலயே அடிச்சு விரட்டிட்டாங்க. பால் பூரா ரோட்டுல போச்சு. கையில ஒரு பேப்பர் இருந்தா அடிக்கறதுக்கு முன்னாடி யோசிப்பாங்கல்ல?"

மனுவின் ஆண், பெண் கட்டத்தில் பெண் என்று எழுதியிருந்தார். அது சரியா என்று விசாரணைக்கு அனுப்புவது என் கடமை, அனுப்பவில்லை. ஆனால் 'முன்வழக்கம் ஏதும் இல்லை' என்று குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்போடு மேலே போகும் கோப்பு திரும்பி வருவதில்லை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்த விண்ணப்பதாரரிடம் குறிப்பின் நகலைப் படித்துக் காட்டினேன்.

"முதல் தடவ போனாத்தானே சார் வழக்கம்னு ஒண்ணு வரும்? இத எழுதினவருக்கு மூத்த புள்ள பொறந்துச்சா, இல்ல எடுத்ததுமே ரெண்டாவதா?"

எழுதியவன் நான், கல்யாணமே ஆகாதவன். ஆபீசில் ஜாதகத்தைக் காரணம் சொல்லி வந்தேன். என் மனம் ஆண்களிடம்தான் போகும் என்பதை எவரிடமும் சொன்னதில்லை. அவரிடமும் சொல்லவில்லை. என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அன்றுதான் வேலையில் சேர்ந்தபிறகு முதல்முறையாக நடைமுறையை ஒருவருக்கு உதவியாகப் பயன்படுத்தினேன். மேளம் வேண்டாம், கொடி வேண்டாம், ஒருவருக்கொருவர் பத்தடி விட்டு நடங்கள். அது ஊர்வலம் ஆகாது, ஆளுக்கு ஆள் தனி நேர்த்திக்கடன் என்றேன். ஆடி வெள்ளியன்று லீவு போட்டு, தெரிந்த ஸ்டுடியோவில் கேமராவும் நீள லென்ஸும் இரவல் வாங்கிக்கொண்டு பாலத்தின் தென் முனையில் நின்றேன். ஒரே மாதிரி மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை. டவுன் பஸ்கள் வேகம் குறைத்து வேடிக்கை பார்த்துப் போயின. கான்ஸ்டபிள் ஒருவர் மறித்தார்.

"என்ன, ஊர்வலமா?"

"நான் தனியாப் போறேங்க. பின்னாடி வர்றவ யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் விண்ணப்பதாரர்.

கான்ஸ்டபிள் பின்னால் வந்த மஞ்சள் சேலைகளை எண்ணினார், இடைவெளியைப் பார்த்தார், வழிவிட்டார். பால் ஒரு சொட்டும் சிந்தாமல் கோவில் சேர்ந்தது.

படம் கழுவி வந்தபோது இடைவெளியைக் காணோம். நேர் எதிரே நின்று நீள லென்ஸில் எடுத்தால் தூரம் ஒடுங்கிவிடும். தோளோடு தோளாக ஏழு பேர், அசல் ஊர்வலம். அடுத்த ஆண்டு மனுவில் அதை இணைத்து, 'முன்வழக்கம் உண்டு, ஆதாரம் இணைப்பில்' என்று எழுதினேன். பதில் இல்லை. மறுபடி பத்தடி, மறுபடி படம். அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. ஆட்கள் மட்டும் கூடினார்கள். "போட்டோக்காரரு எப்பவும் எதிர்லயே நிக்கிறாரு. எங்ககூட நடந்தா கேமரா கோவிச்சுக்குமா சார்?" என்று கேட்டார் விண்ணப்பதாரர். கூட்டத்தோடு நடந்தால் ஜாதகம் சந்தி சிரிக்கும் என்று பயந்தேன்.

இப்போது பிள்ளைகள் வானவில் கொடி பிடித்து, மேளம் அடித்து, அவரவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வீதியில் நடக்கிறார்கள். ஓரத்தில் நின்று செல்போனில் படம் எடுத்த நான், பழக்க தோஷத்தில், அனுமதி வாங்கியாகிவிட்டதா என்று ஒரு பெண்ணைக் கேட்டேன். "போன வாரமே வாங்கிட்டோம் தாத்தா. நீங்களும் வாங்க" என்றாள். போனேன், முழங்கால் அனுமதித்த வரைக்கும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடிக்கு அடியில் இருந்த படத்தைப் பார்த்தேன். அந்த ஏழு பேரும் மேளத்தோடும், இடைவெளி இல்லாமலும் பாலத்தைக் கடந்த ஆண்டுக்கு என்னிடம் படம் கிடையாது. எதிரே நிற்க ஆளில்லை. நான் வரிசைக்குள் இருந்தேன். அந்த ஆண்டுதான் மூன்று மனுக்களுக்கும் சேர்த்து ஒரே தாளில், 'அனுமதிக்கப்படுகிறது' என்ற ஒற்றைச் சொல்லோடு பதில் என் மேசைக்கு வந்தது, 1981 ஜூலை 27, திங்கட்கிழமை.