டீசல் மாஸ்க் மாட்டிக்கொண்டார்

பஸ் டிப்போவில் அவருக்கு 'டீசல்' என்று பெயர். ஓய்வறைப் பெஞ்சில் கண்ணயர்ந்தால் போதும், பழைய இன்ஜினைக் கிளப்பிவிட்ட மாதிரி குறட்டை கூரையைத் தூக்கும். மற்ற டிரைவர்கள் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். கேலிக்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஒருமுறை கண்டக்டர் மேல் கையை ஓங்கிய குடிகாரனை, பஸ்ஸோடு ஓட்டிப்போய்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டவர்.

அப்படிப்பட்டவர் வீட்டுக்குள் பூனையாகிப்போனார். நாற்பத்தைந்து வயதில் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மனைவி பக்கத்தில் வந்தால் ஆசை இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. போகப்போக ஆசையே வற்றிவிட்டது. "அசதியா இருக்கு" என்று திரும்பிப் படுத்தவர், கடைசியில் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கே போய்விட்டார். எடுத்ததற்கெல்லாம் அவள்மேல் எரிந்து விழுந்தார்.

டிப்போ மெக்கானிக்கிடம் மட்டும் அரைகுறையாக வாயை விட்டார். அவன் ஒரு மாத்திரை அட்டையைப் பாக்கெட்டில் திணித்தான். "குதிரை மாதிரி ஆயிடுவீங்க அண்ணே!"

அன்று ராத்திரி ஒன்றைப் போட்டதும் நெஞ்சுதான் குதிரையாக ஓடியது. வியர்த்துக் கொட்டியபடி உட்கார்ந்திருந்தவரின் கையிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள் மனைவி. மெக்கானிக் கொடுத்தது என்று ஒப்புக்கொண்டார்.

"மெக்கானிக்கிட்ட சொல்ல வாய் வந்துச்சு, என்கிட்ட வரலையா?"

"இதை எப்படிச் சொல்றது?"

"வேற எவளோ கிடைச்சுட்டான்னு நினைச்சு நான் வெந்துக்கிட்டிருக்கேன். நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறோம். ரெண்டு பேரும்."

போனால் பெண் டாக்டர். "நீ வெளிய இரு" என்று மனைவியிடம் முணுமுணுத்தார். "இது எனக்கும் பிரச்சினைதானே?" என்று அவள் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், குறட்டை உண்டா என்று கேட்டார், டேப்பை எடுத்துக் கழுத்தைச் சுற்றி அளந்தார். டீசலுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நான் வந்த விஷயம் வேற. நீங்க என்ன, சட்டையா தைக்கப்போறீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். மனைவி சிரிக்கவில்லை. "குறட்டைகூடப் பரவாயில்லை டாக்டர். நடுவுல மூச்சே நின்னுடும். நான் உலுக்கினாத்தான் திணறிக்கிட்டு வரும்."

"அப்ப அதையும் இதையும் சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார் டாக்டர். "கழுத்து பருத்தவங்களுக்குத் தூக்கத்துல தொண்டை அடைக்கும். அப்படி மூச்சு நிக்கும்போதெல்லாம் ரத்தத்துல ஆக்சிஜன் குறையுது, தூக்கம் உடையுது. ஆண் ஹார்மோன் நல்ல தூக்கத்துலதான் ஊறும். ரத்தக்குழாயும் பாதிக்கும். படுக்கையில வர்ற சிக்கலுக்கு இதுவும் காரணமா இருக்கலாம். சர்க்கரையும் பார்த்துடுவோம்."

தூக்கத்தைச் சோதித்ததில் டாக்டர் சந்தேகப்பட்டதே உறுதியானது. காற்றை ஊதும் ஒரு மெஷினும் மூக்கில் மாட்டும் மாஸ்க்கும் கிடைத்தன. கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். "வெளிய சொல்லாதே, வேலைக்கே உலை வெச்சுடுவாங்க" என்று கண்டக்டர் தடுத்தார். டீசல் நேரே மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டே கண் சொக்கியிருக்கேன் சார். பஸ் நிறைய ஜனங்களை வெச்சுக்கிட்டு என் மானத்தைக் காப்பாத்திக்க மாட்டேன்."

மேனேஜர் அவரை உதிரிபாக அறைக்கு மாற்றினார். மெக்கானிக் சும்மா இருப்பானா? "டீசலுக்கு ஸ்டார்ட்டிங் டிரபிள்!" என்று டிப்போ முழுக்கப் பரப்பிவிட்டான்.

மறுநாள் மதியம் டீசல் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓய்வறைக்குள் நுழைந்தார். எல்லார் கண் முன்னாலும் பிளக்கைச் செருகினார்.

"ஆமாப்பா, ஸ்டார்ட்டிங் டிரபிள்தான். மூச்சும் நின்னுச்சு, மத்ததும் நின்னுச்சு. வைத்தியம் பார்க்கிறேன். சிரிக்கிறவன் சிரிச்சுக்கோ."

மாஸ்க்கை மாட்டிப் படுத்தார். அந்த அறை முதல்முறையாக அவர் தூங்கும்போது அமைதியாக இருந்தது. கொஞ்ச நாளில் இரண்டு டிரைவர்கள் டாக்டரின் முகவரி கேட்டு வந்தார்கள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மாஸ்க் மூக்கை அறுத்தது. ஒருமுறை கழற்றி வீசினார், மனைவி எடுத்துத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டாள். மெல்லக் காலைத் தலைவலி போனது, எரிச்சல் போனது, ஆசை திரும்பியது. மீதிக்கு டாக்டரே இதயத்தைச் சோதித்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். இருபது வயது திரும்பவில்லை. மனைவி திரும்பக் கிடைத்தாள். பஸ்ஸும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த மைத்துனர் படுக்கையோரம் மெஷினைப் பார்த்துவிட்டு நெளிந்தார். "நாலு பேர் வர்ற இடம் மாப்பிள்ளை. அலமாரியில வெச்சிடக் கூடாதா?"

"எதுக்கு வைக்கணும்? நீங்க கண்ணாடியை மூக்குமேல வெச்சுக்கிட்டுத்தானே வந்திருக்கீங்க?" என்றார் டீசல்.