பாதி அணைக்கு மருந்து

படகின் பின்னால் கயிற்றில் கட்டிய சாக்கிலிருந்து நீலம் கசிந்து தண்ணீரில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சாக்கில் இருந்தது பாசியைக் கொல்லும் மயில்துத்தம். துடுப்பு வலித்தவர் படகோட்டி அண்ணன். வருசநாட்டு மலையடிவாரத்திலுள்ள அந்த அணை, கோடையில் வற்றிப் பாசி படர்ந்து, பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோலக் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் வாடை அடிக்கிறதென்று ஊர் ஊராகப் புகார். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட்டவள் நான். ஒரே நாளில் அணை முழுவதும் போட்டுவிடலாம் என்று சொன்னவளும் நான்தான்.

பாதி அணை முடிந்ததும் அண்ணன் துடுப்பை நிறுத்தினார்.

“ஆத்தா, இன்னைக்கு இம்புட்டுப் போதும். மிச்சத்தப் பத்து நாள் கழிச்சுப் போடுவோம். பாசி மொத்தமாச் செத்து அழுகுச்சுன்னா மீனுக்கு மூச்சு முட்டிரும்.”

அழுகும் பாசி தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று நானும் படித்திருந்தேன். ஆனால் என் கணக்கின்மேல் எனக்கு அத்தனை நம்பிக்கை.

“அளவெல்லாம் சரியாத்தாண்ணே இருக்கு. இன்னைக்கே முடிச்சிருவோம்.”

அவர் அடுத்த சாக்கைக் கட்டினார்.

மூன்றாம் நாள் காலை, கரை நெடுகக் கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன. சாகாதவை மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. அத்தனை வாய்களும் திறந்து மூடிய அந்தச் சத்தம், ரசஞ்சோறு பிசையும்போது இன்றும் சில நாள் எனக்குக் கேட்கும். கையை உதறிவிட்டு எழுந்துவிடுவேன்.

விசாரிக்க வந்த அதிகாரி, “யாரு மொத்தமாப் போடச் சொன்னது?” என்று கேட்டார். நான் அப்போது ஒப்பந்த ஊழியர். நிரந்தரமாக்கும் பட்டியல் அந்த மாதம் போகவிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பேசுவேனென்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நாந்தான்யா. அளவு தெரியாமப் போட்டுட்டேன்.”

அன்றோடு அவருக்கு வேலை போயிற்று.

போன மாதம் சின்னமனூரில், மேகமலை பஸ்ஸுக்காக நின்ற அவரைப் பார்த்தேன். தேயிலை எஸ்டேட்டில் வேலை, தொழிலாளர் லைன் வீட்டில் குடியிருப்பு என்றார். இப்போதெல்லாம் எந்த அணையிலும் ஒரே நாளில் பாதிக்குமேல் மருந்து போட நான் விடுவதில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டார்:

“வேல நெரந்தரமாயிருச்சா ஆத்தா?”

“ஆயிருச்சுண்ணே.”

“நல்லது.”

பஸ் வந்தது. நான் நின்ற பக்கம் ஜன்னலோரச் சீட்டு காலியாக இருந்தது. அவர் அதைத் தாண்டி, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார்.