லுவா அம்மாவின் சவப்பெட்டிப் பீரங்கி

சாவதற்கு வேண்டிய பலகையை லுவா அம்மா ஐம்பது வயதிலேயே வாங்கிவிட்டார். குவாங் பிங் மாகாணத்துப் பக்கம் அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அவருடையது சாதாரணப் பலகை இல்லை, வைரம் பாய்ந்த மஞ்சள் மரம். கட்டிலுக்கடியில் கிடக்கும். காலையில் எழுந்ததும் குனிந்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவார். டங்கென்று சத்தம் வந்தால்தான் அன்றைய முதல் வெற்றிலை வாய்க்குள் போகும்.

மருமகன் ஹுவான் தச்சன். கைவேலை சுத்தம், தலையில்தான் ஓட்டை. உளியை எடுக்கப் போய்க் கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருவான். கல்யாணத்தன்று பெண் வீட்டுக்குப் பாக்குத் தட்டை எடுத்துவர மறந்த ஒரே மாப்பிள்ளை அந்த வட்டாரத்திலேயே அவன்தான். மாமியார் அதை ஒருநாளும் மன்னிக்கவில்லை. மகள் சாலை செப்பனிடும் படையோடு மலைக்குப் போய்விட்டதால், வீட்டில் திட்டுவதற்கு மிச்சமிருந்ததும் அவன் ஒருவன்தான்.

தெற்கே சண்டைக்குப் போகும் லாரிகளெல்லாம் அவர்கள் ஊர்த் துறையில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். பாலத்தை அமெரிக்க விமானங்கள் எப்போதோ உடைத்துவிட்டன. லாரி ஏற்றும் பெரிய மரப்படகு ஒன்றுதான் மிச்சம். அதைத் தேடி வந்த குண்டுகள் நாளுக்கு நாள் நெருங்கி விழுந்தன. படகு போனால் எல்லாம் போச்சு. ஊர்க்காவல் படைத் தலைவி தோவான், கழுத்தில் விசிலோடு தூங்கி விசிலோடு எழுந்திருக்கிறவள், ஒரு வழி சொன்னாள். துறைக்குச் சற்றுத் தள்ளி மேட்டில் பொய்ப் பீரங்கி வைப்போம், விமானக்காரன் பீரங்கியைக் கண்டால் முதலில் அதைத்தான் அடிப்பான் என்றாள்.

ஹுவான் மூங்கிலில் மூன்று பீரங்கி கட்டி, பக்கத்தில் வைக்கோல் சிப்பாய்களை நிறுத்தினான். விமானங்கள் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரி தன் வேலையை மதிக்கவில்லையே என்று ஹுவானுக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல பலகையில் மேடையும் கேடயமும் இருந்தால் நம்புவான் என்றாள் தோவான். பலகைக்கு எங்கே போவது? ஊரிலிருந்த கதவு, ஜன்னல் எல்லாம் ஏற்கெனவே சேற்றில் லாரிச் சக்கரத்துக்கு அடியில் போயாகிவிட்டது. மிச்சமிருந்த பலகை யார் கட்டிலுக்கடியில் கிடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஹுவானின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

லுவா அம்மா சந்தைக்குப் போன நேரம் பார்த்துப் பலகை மேட்டுக்கு ஏறியது. பீரங்கிக் குழாய்க்கு அவருடைய கொல்லைப் பாக்கு மரமே வாட்டமாக இருந்ததால் அதையும் வெட்டிக் கரி பூசினான். கட்டிலுக்கடியில் வாழைத்தண்டுகளை அடுக்கிப் பாயால் மூடினான்.

மறுநாள் காலை கிழவி குனிந்து தட்டினார். பொதுக்கென்றது. நேரே மேட்டுக்கு ஏறி, ஒவ்வொரு பீரங்கியாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பீரங்கி டங்கென்றது.

"மாப்ள," என்றார். அவர் மரியாதையாகக் கூப்பிட்டாலே ஹுவான் ஓரடி பின்னுக்குப் போய்விடுவான். "நான் எதுல படுத்துப் போறது? வாழத்தண்டுலயா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் அத்தை. குண்டு விழுந்ததும்..."

"விழுந்ததும்?"

ஹுவான் குழாயில் உதிர்ந்த கரியைத் தடவிச் சரிசெய்யத் தொடங்கினான்.

அன்றே அடுப்பு, வெற்றிலைத் தட்டு, வாத்துகள் சகிதம் லுவா அம்மா பீரங்கியடியில் குடியேறினார். தோவான் ஓடிவந்து, இது குண்டு விழுவதற்கென்றே வைத்த பீரங்கி என்று பொறுமையாக விளக்கினாள்.

"என் பெட்டி மேல குண்டு விழுந்துச்சுன்னா, அந்த விசில முழுங்க வெச்சிருவேன் பாத்துக்கோ," என்றார் கிழவி.

ஹுவான் வேறு வழியில்லாமல் பக்கத்தில் ஒரு பதுங்கு குழி வெட்டிக் கொடுத்தான். கிழவி துவைத்த கால்சட்டைகளைப் பீரங்கிக் குழாயில் காயப்போட்டார். கூம்புத் தொப்பியோடு வாத்துகளை விரட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே அடுப்புப் புகை தெரிந்தது, துணி தெரிந்தது, ஓயாமல் நடமாடும் ஆள் தெரிந்தது. வைக்கோல் சிப்பாய்கள் சாதிக்காததைக் கிழவி ஒற்றை ஆளாகச் சாதித்துவிட்டார்.

சில நாளில் ஒரு விமானம் படகை விட்டுவிட்டு மேட்டை இரண்டு வட்டம் அடித்துப் போனது. தோவான் ஹுவானிடம் ஓடினாள்.

"அண்ணே, அவன் நம்பிட்டான். பெரியம்மாவ எப்படியாவது கீழ எறக்குங்க," என்றாள்.

ஹுவான் கெஞ்சினான், மண்டியிட்டான், தூக்கிக்கொண்டு இறங்கவும் பார்த்தான். கையில் கடி வாங்கியதுதான் மிச்சம். அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. இந்த வாய் இல்லாவிட்டால் வீடு எப்படி இருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தான். நினைப்பு நன்றாக இல்லை.

மறுநாள் மதியம் வழக்கம்போல் சோற்றையும் வெற்றிலையையும் மேட்டில் வைத்துவிட்டுத் திரும்பினான். சுண்ணாம்பை மறந்துவிட்டான். சுண்ணாம்பில்லாத வெற்றிலை வெறும் தழை. கிழவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார், பிறகு மேட்டிலிருந்து இறங்கினார். வீட்டு வாசலில் நின்று கல்யாணத்தன்றைய பாக்குத் தட்டில் தொடங்கி வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தபோது தோவானின் விசில் கேட்டது. ஹுவான் மாமியாரை அப்படியே வாரிக்கொண்டு கொல்லையிலிருந்த வீட்டுப் பதுங்கு குழிக்குள் குதித்தான். வெளியே பூமி குலுங்கியது. உள்ளே திட்டு நிற்கவில்லை.

ஏறி வந்து பார்த்தபோது மேட்டின் தலையையே காணோம். அந்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம்தான் இருந்தது. வாத்துகள் மட்டும் எப்படியோ ஆற்றுக்குப் போய் மிதந்துகொண்டிருந்தன. துறையில் படகு ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. லுவா அம்மா பள்ளத்து விளிம்பில் கிடந்த ஒரு மஞ்சள் மரச் சில்லை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"எனக்குப் பலகை வர்ற வரைக்கும் நான் சாக மாட்டேன்," என்றார். "நீதான் வெச்சுக் காப்பாத்தணும்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஹுவான் எங்கெங்கோ அலைந்து பலகை கொண்டுவருவான், கிழவி தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். சண்டை முடிந்தது. மகள் திரும்பி வந்தாள். பள்ளத்தில் மழைநீர் நிறைந்து மீன் வளர்ந்தது. தோவானுக்குக் கல்யாணமாகி, அவள் பிள்ளைகள் விசிலை ஊதித் தொலைத்தார்கள். கிழவிக்கு ஒரு பலகையும் பிடிக்கவில்லை, அதனால் அவர் பாட்டுக்கு இருந்துகொண்டே இருந்தார். ஒரு வழியாக ஆற்றில் புதுப் பாலம் வந்து, பழைய படகைப் பிரித்தார்கள். ஹுவான் அதன் அடிப்பலகைகளைக் கேட்டு வாங்கி வந்தான். கிழவி தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"லாரி சத்தம் கேக்குது," என்றார். "இருக்கட்டும், செய்."

பெட்டி தயாரானதும் அளவு பார்க்க ஏறிப் படுத்தவர், அதிலேயே மதியம் முழுக்கக் குறட்டை விட்டார். அடுத்த வருஷம் தைரியமாகச் செத்துப்போனார்.

பெட்டியை மூடுவதற்கு முன் வெற்றிலையும் பாக்கும் ஹுவான்தான் வைத்தான். சுண்ணாம்பை மறுபடி மறந்துட்டியே என்று மனைவி அழுகையினூடே சலித்துக்கொண்டாள்.

மறக்கவில்லை, சட்டைப்பையில்தான் இருக்கிறது என்றான் ஹுவான். "வைக்க வேணாம்னு விட்டுட்டேன். திட்டுறதுக்காவது ஒரு தடவ எறங்கி வருவாங்கல்ல."